உப்பு மறந்த காலை

பேக்கரியின் பின்கட்டில் மாமியார் ரொட்டியை வெட்டிக்கொண்டே பேசினாள். பேச்சு வேகமானால் கத்தியும் வேகமாகும். பேச்சு நின்றால் கத்தியும் பாதி ரொட்டியில் நின்றுவிடும்.

“அவன் கேட்டா எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லு. அடுப்புல விரிசல் விட்டிருக்கிறதைப் பத்தி மூச்சு விடாதே. என்ன, காதுல விழுதா?”

“விழுது அத்தை.”

“மூஞ்சியைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்கிட்டுத்தான் சொல்லேன்…”

மருமகள் தட்டை வாங்கிக்கொண்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்து, அடுப்பு மூட்டி, முதல் நடை ரொட்டியைக் கடைக்கு அனுப்பியாகிவிட்டது. முழங்கை வரை மாவு காய்ந்து வெள்ளை உறை போட்டதுபோல் இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்க நேரமில்லை.

முந்தின நாள் வந்திறங்கியிருந்த நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள். “அவளை ஏம்மா சொல்றே? அவ இரும்பு. இரும்புக்கு ஏது மூஞ்சி?” என்றாள்.

அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். முதலில் பாராட்டாகத்தான் வைத்தார்கள். எப்போது ஏச்சாக மாறியது என்று யாருக்கும் தெரியாது.

கீழே பேக்கரி, மேலே வீடு, நடுவில் ஒரு குறுகிய மாடிப்படி. கீழே நடப்பதெல்லாம் மாமியாரிடம் வந்து சேரும். அவள் அதை மாவு சலிப்பதுபோல் சலிப்பாள். கல்லும் தூசியும் சல்லடையிலேயே தங்கிவிடும், நைசான சேதி மட்டும் படியேறி மகனிடம் போகும். சல்லடையில் தங்கியதை எங்கே கொட்டுவது? அதற்குத்தான் மருமகள்.

மகன் ரொட்டிக்காரன். அந்தத் தெருவில் அவனைவிட நல்ல மூக்கு யாருக்கும் இருந்ததில்லை. அடுப்பின் மூடியைத் திறக்காமலே, ரொட்டி வெந்துவிட்டதா இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று வாசனையை வைத்துச் சொல்வான். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஏறியவன் தவறி விழுந்தான். பின்மண்டையில் அடி. உயிருக்கு ஒன்றுமில்லை, கை கால் எல்லாம் பத்திரம். மூக்குதான் போய்விட்டது.

அது எப்படி என்றால், மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் முடியைவிட மெல்லியவை. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஓர் எலும்பு இருக்கிறது. நரம்புகள் அதற்குள் நுழைந்துதான் போகின்றன. தலை ஒரு குலுங்கு குலுங்கினால் அங்கேயே அறுந்துபோகலாம். மூக்கு வெளியே அழகாக இருக்கும், மூச்சும் ஒழுங்காகப் போகும். உலகத்தின் வாசனை மட்டும் உள்ளே வராது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சியான விஷயம் எதுவும் சொல்லாதீங்க,” என்றார். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார். மாமியார் அதை ஆயுள் முழுவதுக்கும் சட்டமாக்கிவிட்டாள்.

“ஆம்பளை மனசு கண்ணாடி டம்ளருடி,” என்பாள். “விழுந்தா சில்லு சில்லாப் போயிடும், ஒட்ட வைக்க முடியாது. பொம்பளை மனசு எவர்சில்வர். விழுந்தா சத்தம் வரும், கொஞ்சம் நசுங்கும். அவ்வளவுதான். நீ தாங்குவே.”

அவள் தட்டோடு படியேறினாள்.

கணவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தாலும் எதையும் பார்க்கவில்லை.

“அடுப்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

“வியாபாரம்?”

“நல்லா இருக்கு.”

“மாவு பிசையிற மெஷின் முன்னாடி கத்துமே… இப்போ?”

“அதுவும் நல்லா இருக்கு.”

அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான். “நான் இருந்தப்பதான் ஏதாவது ஒண்ணு ரிப்பேரா இருந்துச்சு. நான் இல்லேன்னதும் எல்லாம் நல்லாயிடுச்சு, இல்லே?”

 மெஷின் ஒரு பக்கமாய் இழுக்கிறது, அடுப்பு விரிசல் விட்டிருக்கிறது, வாடிக்கையாக வாங்கும் விடுதிக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார் என்றெல்லாம் அவளுக்கு வாய் வரை வந்தது. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, “ஆறிடப் போகுது, சாப்பிடுங்க,” என்றாள்.

“நீ எப்படி இருக்கே?” என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே கடையில் தையல்கார ஐயா நின்றுகொண்டிருந்தார். காலையில் முதல் ஆளாக வாங்கிப் போன ரொட்டி, ஒரு துண்டு குறைந்து, அவர் கையிலேயே இருந்தது.

“என்னம்மா இது… எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னது உங்க கடை வரைக்கும் வந்துடுச்சா?”

“என்னங்க ஐயா சொல்றீங்க?”

“நீயே தின்னு பாரு.”

அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பஞ்சைத் தின்பதுபோல் இருந்தது. விடுவிடுவென்று உள்ளே போனாள். பிசைகிற மேஜையில் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் அளந்து வைத்த உப்புக் கிண்ணம் அதனடியில் அப்படியே இருந்தது.

அந்த பேக்கரியில் மாவையும் தண்ணீரையும் ஈஸ்ட்டையும் முதலில் சேர்த்து மூடி வைப்பார்கள். மாவு தண்ணீரை நன்றாகக் குடிக்க வேண்டும். அது இளகிய பிறகுதான் உப்பைத் தூவிப் பிசைவார்கள். அப்படிச் செய்தால் ரொட்டி மென்மையாக வரும். ஆனால் உப்பு முதலில் போகாததால், மனம் எங்கேயாவது போய்விட்டால் உப்பும் போகாமலே இருந்துவிடும்.

மாவு அவளுக்கு அதைச் சொல்லத்தான் செய்தது. உப்பு என்பது ருசிக்கு மட்டுமில்லை. ஈஸ்ட்டை அது கடிவாளம் போட்டுப் பிடிக்கும். கடிவாளம் இல்லாவிட்டால் மாவு கண்டபடி பொங்கும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மாவில் இருக்கும் சர்க்கரையையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிடுவதால் ரொட்டியின் மேல்தோல் சிவக்காமல் வெளுத்துப் போகும். பொங்கியதையும் பார்த்தாள், ஒட்டியதையும் பார்த்தாள், வெளுப்பையும் பார்த்தாள். வெறும் கண்தான் பார்த்தது, மனம் அங்கே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் பிறந்து சில நாளே ஆன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். சில்லறை வாங்கும்போது, “கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அக்கா,” என்று குழந்தையை நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கனம் ராத்திரி முழுவதும் கையை விட்டு இறங்கவில்லை. காலையில் மாவு பிசையும்போதும் அங்கேயே இருந்தது.

மாமியாரும் நாத்தனாரும் கடைக்கு வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மாமியார் தலையில் கை வைத்தாள்.

“ஐயோ… எல்லா ரொட்டியுமா? நீயா மறந்தே? சரி சரி, மேல மட்டும் சொல்லிடாதே. தான் இல்லாததாலதான் கடை இப்படி ஆச்சுன்னு மனசு விட்டுடுவான்.”

“மேலயும் இதே ரொட்டிதானே அத்தை குடுத்தோம்…”

“அவனுக்கு எங்கே தெரியப் போகுது?”

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். அவன் கீழே வந்து பல மாதமாகியிருந்தது. கையில் கடித்த ரொட்டித் துண்டு. அவனுடைய கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததே இல்லை.

“இதுல உப்பு இல்லை,” என்றான். “அம்மா, இதுல உப்பே இல்லை! எனக்குத் தெரியுது!”

நாம் ருசி ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. சளி பிடித்தவனுக்கு எல்லாமே ஒன்றுபோல் இருப்பது அதனால்தான். ஆனால் உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் நாக்கின் சொந்தச் சொத்து. அவற்றைச் சொல்ல நாக்குக்கு மூக்கின் தயவு வேண்டாம். வாசனை போனவன் அத்தனை நாளாகத் தனக்கு எதுவுமே மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒன்று மிச்சமிருக்கிறது என்று அந்த வெறும் ரொட்டி அவனுக்குச் சொல்லிவிட்டது.

மாமியாருக்கு அது புரியவில்லை. பயம்தான் முந்திக்கொண்டது.

“உப்பெல்லாம் சரியாத்தான்டா இருக்கு.”

“இல்லம்மா… சுத்தமா இல்லை.”

“நான் தின்னேனே! நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான்பா அடிபட்டதுல…” என்று இழுத்தவள் மகளைப் பார்த்தாள். “நீயும் தின்னே இல்லே? சொல்லேன்டி.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “ஆமா தம்பி… எனக்கு உப்பு தெரிஞ்சுது,” என்றாள்.

அவன் கையிலிருந்த துண்டை இன்னொரு தடவை கடித்தான். மெதுவாக மென்றான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான்.

“அப்போ நாக்கும் போயிடுச்சா…” என்றான்.  திரும்பிப் படியைப் பார்த்தான்.

எத்தனையோ அவள் பொறுத்திருந்தாள். இது மட்டும் அவளால் முடியவில்லை.

“நில்லுங்க,” என்றாள். “உங்க நாக்கு சரியாத்தான் இருக்கு. ரொட்டியில உப்பு இல்லை. நான் போட மறந்துட்டேன்.”

“ஏய்!” என்றாள் மாமியார்.

“எல்லா ரொட்டியும் அப்படித்தான். தையல்கார ஐயா திருப்பிக் கொண்டுவந்து நிக்கிறாரு பாருங்க. அடுப்பும் நல்லா இல்லைங்க. விரிசல் விட்டிருக்கு, ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேகலை. விடுதிக்காரர் நம்மகிட்ட வாங்கறதை நிறுத்திட்டாரு. மெஷின் முன்னைவிட அதிகமாக் கத்துது. எதுவுமே நல்லா இல்லை.”

தையல்கார ஐயா, “நான் அப்புறமா வர்றேன்மா,” என்று ரொட்டியோடு நழுவினார்.

நாத்தனாருக்குக் கோபம் பொங்கிவிட்டது. “உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? அடிபட்டுக் கிடக்கிறவன் மூஞ்சியைப் பார்த்து இப்படியா அடுக்குவே? அவன் விழுந்த அன்னிக்கு நாங்க எல்லாரும் அழுது புரண்டோம். நீ ஒரு சொட்டு கண்ணீர் விட்டியா? ரெண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை நீ! கடையைத் திறக்கப் போயிட்டேன்னு அம்மா சொன்னாங்க. புருஷன் கட்டிலோட கிடக்கிறான், உனக்கு ரொட்டி பெருசு!”

  மருமகள் மாமியாரைப் பார்த்தாள். சொல்லுங்களேன் அத்தை, ஒரே ஒரு தடவை நீங்களே சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை அது. மாமியார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் கடைக்குப் போகலை அண்ணி,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “அதே ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். அவருக்கு ஒரு மாடி கீழ. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. அவர் கண்ணு முழிச்சதும் நல்ல சேதியாச் சொல்லலாம்னு நானும் அத்தையும் பேசி வெச்சிருந்தோம். தங்கலை. அன்னிக்கு ராத்திரியே போயிடுச்சு.”

நாத்தனார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“தங்கியிருந்தா இந்த வாரம் பிறந்திருக்கும். நேத்து ஒரு குழந்தையைக் கையில வாங்கினேன்… அதான். உப்பு மறந்ததுக்கு அதான் காரணம்.”

 எல்லோரும் கணவனையே பார்த்தார்கள். மாமியார் ஓடிப்போய் அவன் முழங்கையைப் பிடித்தாள். கண்ணாடி டம்ளர் கைநழுவும் நொடியில் கையை நீட்டுவோமே, அப்படி.

அவன் அம்மாவின் கையை மெதுவாக விலக்கினான். மனைவியிடம் வந்தான்.

“யாரு கூட இருந்தா?”

“அத்தை கொஞ்ச நேரம் இருந்தாங்க. அப்புறம் உங்களைப் பார்க்கணும்னு மேல போயிட்டாங்க.”

“வலிச்சுதா?”

அவள் தலையாட்டினாள்.

“அதுக்கு மூணாம் நாளா எனக்குப் பால் ஊட்டினே? கை நடுங்குதேன்னு கேட்டேன். தூக்கம் பத்தலைன்னு சொன்னியே…”

“ஆமா.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு…”

“சரி. நீ தாங்குவேன்னு யாரு சொன்னா?”

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதிலுக்குப் பதிலாக வேறு ஏதோ வந்தது. முதலில் இருமல்போல் இருந்தது. அப்புறம் அழுகை என்று தெரிந்தது. மாவு ஒட்டிய கையால் முகத்தை மூட முடியாமல், கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். அவன் அவளை அணைத்துக்கொண்டான். அவனும் அழுதான். அவன் உடையவில்லை, நிமிர்ந்து நின்றபடிதான் அழுதான்.

மாமியார் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் கெட்டது நினைக்கலைடா… உங்க அப்பாகிட்ட ஒரு நாள் சொன்னேன். அவரோட தம்பி போயிட்ட சேதியை. வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. உள்ள வர்றதுக்குள்ள பட்டுன்னு சொல்லிட்டேன். அப்படியே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவருதான்… எழுந்திருக்கவே இல்லை. அந்த ஒரு வாயாலதான் அவரைக் கொன்னுட்டேன். இதை நான் யார்கிட்ட சொல்வேன்?”

“இத்தனை வருஷமா இதை நீ மட்டும் வெச்சிருக்கியா அம்மா?” என்றான் மகன்.

“பொம்பளைதானே… தாங்குவேன்னு நினைச்சேன்.”

நாத்தனார் ஸ்டூலைத் தள்ளிவிட்டு வந்து தம்பி மனைவியின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் கூடப் பிறந்தவளா நினைக்காம இரும்புன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேனே… மன்னிச்சுக்கோ. நானும் ஒண்ணு இழந்தவதான்டி. என் வீட்டுல எல்லாரும் என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. உன் பக்கத்துல ஒருத்தர் உட்காரலையே!”

துக்கம் ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் எடைபோட்டு வருவதில்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வித்தியாசமெல்லாம். ஒருவரைச் சுமக்க விடாமலே வைத்திருந்தால் அவருடைய தோள் மெலிந்துவிடுகிறது. ஒருவர் தலையிலேயே ஏற்றிக்கொண்டு போனால், கழுத்து ஒடியும்வரை அவர் நேராக நிற்பதுபோல்தான் தெரியும். அந்த வீட்டில் இரண்டும் ஒரே படிக்கட்டின் மேலேயும் கீழேயும் நடந்துகொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விரிசல் எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

“என்னது?”

“அடுப்புல. வாய்ப்பக்கமா, மேல் வளைவுலயா?”

“மேல் வளைவுல. இடது ஓரமா.”

“அப்போ பயமில்லை. செங்கல் மண்ணு குழைச்சுப் பூசினா நிக்கும். வாய்ப்பக்கம்னாதான் கஷ்டம்.” அவன் குனிந்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தான். மேலே ஜன்னலோரம் இருந்தவனைவிட அவனுக்கு இப்போது வயது குறைந்ததுபோல் இருந்தது. நல்ல சேதிகள் அத்தனை நாளாகச் செய்யாததை ஒரு கெட்ட சேதி செய்துவிட்டது.

அன்று கடையில் அவனே நின்றான். வந்தவர்களிடமெல்லாம், “இன்னிக்கு உப்பு விட்டுப்போச்சுங்க, நாளைக்கு வாங்க,” என்று சொல்லி அனுப்பினான். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க கீழ வந்துட்டீங்களா!” என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் அவள் பையில் துணி அடுக்கினாள். மாமியார் கதவருகே வந்து நின்றாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போறியா?”

“இல்ல அத்தை. எங்க அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன். யாரும் என்னைப் பார்த்து ‘நீ தாங்குவே’ன்னு சொல்லாத இடத்துல கொஞ்சம் படுத்துக் கிடக்கணும். அவ்வளவுதான்.”

“அடுப்பு…?” என்று கேட்டவள், தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நான் பார்த்துக்கிறேன்,” என்றான் கணவன் பின்னாலிருந்து. “வாசனை வேணாம். அடியில தட்டினா ரொட்டி சொல்லிடும். வேகலைன்னா மண்ணைத் தட்டின மாதிரி இருக்கும், வெந்துட்டா டொக்குன்னு உள்ள காலியாக் கேட்கும். வெளியே எடுத்து வெச்சதும் தோல் படபடன்னு வெடிக்கும், அதுவும் ஒரு கணக்கு. அதுக்கும் மேல மூக்கு வேணும்னா…” அம்மாவைப் பார்த்தான். “உன் மூக்கு இருக்கே. ஊர் விஷயத்துக்கெல்லாம் நீளுது, அடுப்பு வரைக்கும் நீளாதா?”

“போடா!” என்றாள் மாமியார். அழுதபடியே சிரித்தாள். மருமகளின் பையை வாங்கித் தானே தெருமுனை வரை தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் வந்தபோது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் அந்தக் கையை இறுக்கி அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள்.

அக்கா வீட்டில் அவள் தூங்கினாள். எழுந்தாள், அழுதாள், மறுபடி தூங்கினாள். அக்கா என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது.

“முதல் நடை முழுக்கக் கருகிப் போச்சு,” என்றான் அவன் எடுத்த எடுப்பில். “அம்மாவுக்குக் கருகின வாசனை வந்துச்சாம். ‘உன்னைக் கலவரப்படுத்த வேணாம்னு சொல்லலைடா’ங்கிறாங்க!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“ரெண்டாவது நடை பரவாயில்லை. பூசின மண்ணு இன்னும் சரியாக் காயலை. விடுதிக்காரரைப் போய்ப் பார்த்தேன், யோசிச்சுச் சொல்றேன்னுட்டாரு, வர மாட்டாருன்னுதான் நினைக்கிறேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. குழந்தையை நினைச்சுக்கிட்டே இருந்தேன்.” பிறகு கேட்டான், “நீ எப்படி இருக்கே?”

‘நல்லா இருக்கேன்’ என்ற சொல் பழக்கத்தில் உதடு வரை வந்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை.

“நல்லா இல்லைங்க,” என்றாள்.

“ம்,” என்றான் அவன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. “சொல்லு.”